கண் திறந்து கொடுத்த படம்

1

இங்கே அரசாங்கத்துக்கு என் காது வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், கொடுக்கிற புகைப்படத்தில் முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காது முழுசாகத் தெரிய வேண்டும். நம்மூர் பாஸ்போர்ட்காரர்களுக்கோ நேர்முகம்தான் வேண்டும். இரண்டு காதும் தெரிந்தாக வேண்டும். ஆக, ஒரே தலையை வைத்துக்கொண்டு இரண்டு அரசாங்கங்களுக்கும் சேர்த்து மூன்று காது காட்ட வேண்டியிருக்கிறது எனக்கு.

இந்தத் தடவை மறந்துபோய் நேர்முகப் படத்தையே கொண்டுபோய்விட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள். அடுத்த வாரம் நல்ல படம் கொண்டுவருகிறேன் என்று சொல்ல நினைத்து, நல்ல தலை கொண்டுவருகிறேன் என்று ஜெர்மனில் சொல்லித் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே செய்யுங்கள் என்றாள். இத்தனை வருஷம் இந்த ஊர் ரொட்டியைத் தின்றும் என் பாஷை இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் இருந்தவர். அந்தக் கம்பெனிக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தத்தில் பயிற்சிக்கு வந்து, இங்கேயே வேலையில் தங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். எங்களுக்கு ஒரே பெண், நித்யா. இங்கே பிறந்தவள். நான் தமிழில் திட்டினால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தலையில் எண்ணெய் வைக்க விடமாட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய பிஸ்கெட் டின்னைத் திறந்தேன். அதில்தான் எங்கள் படங்களெல்லாம் கிடக்கின்றன. ஒரு காது தெரிகிற படம் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடியபோது, நான் கல்யாணத்துக்கு முன்னால் ஆவடி மார்க்கெட் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட முதல் பாஸ்போர்ட் படம் கையில் வந்தது. நித்யா அதைப் பிடுங்கிக்கொண்டாள். தபால்தலை சேர்க்கிறவள், கையோடு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பாள். அதை வைத்துப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஹாலில் மாட்டியிருக்கும் என் அம்மாவின் படத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தாள்.

"அம்மா, பாட்டியிடம் உன் கண் இருக்கிறது" என்றாள்.

இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டு, பாட்டியோட கண்ணுதான் எனக்கு வந்திருக்கு, அப்படித்தான் சொல்லணும் என்று திருத்தினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லை. உன்னுடையதுதான். வந்து பார்."

போய்ப் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கருவிழிகளிலும் நெட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு. விழியில் வெளிச்சம் பட்டால் தெரியுமே, அதுதான். அந்தக் கோட்டின் நடுவே பொட்டு மாதிரி ஒரு கறுப்பு. என் பாஸ்போர்ட் படத்தில் என் விழிகளிலும் அதே கோடு, அதே இடத்தில் அதே கறுப்பு. இடது கண்ணின் கீழிமையில் ஒரு மடிப்பு எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதால் வந்தது. அதுவும் அம்மாவிடம் இருந்தது. அம்மாவுக்கு அம்மையே போட்டதில்லை.

சமையலறையில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது. நான் நகரவில்லை.

2

இது என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் அலமேலு. கேமராவுக்கு முன்னால் கண் திறக்கத் தெரியாதவள்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கும் வெள்ளானூர். ஆனாலும் நாங்கள் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், சேலத்துக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் போட்டோ பிடிப்பார்கள், ஊருக்கு அனுப்பவேண்டுமே. எல்லார் வீட்டு ஆல்பத்திலும் என் அம்மா இருப்பாள். எல்லாவற்றிலும் கண் மூடியிருப்பாள். ஃபிளாஷ் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிச் சலுகைக்காக ஃபேக்டரி கொடுத்த குடும்ப அட்டையில்கூட நைனா, நான், தம்பி மூன்று பேரும் முறைத்துக்கொண்டிருப்போம், அம்மா உறங்கிக்கொண்டிருப்பாள். குமாஸ்தா அதன்மேலேயே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

"உங்கம்மாவுக்குப் படுக்க பாய் வேணாம், கேமராவ காட்டினா போதும்" என்று நைனா கேலி செய்வார். கல்யாணப் படமாவது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்துக் கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்ப்பாளா? அதில் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிகின்றன.

நான் இங்கே வந்த மறு வருஷம், நித்யா வயிற்றில் இருந்தபோது, அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தந்தி என் கைக்கு வந்தபோது அங்கே பால் தெளித்து முடித்திருந்தார்கள். நிறைமாதத்தில் இருந்தவளை எந்த விமானத்திலும் ஏற்றியிருக்க மாட்டார்கள். போயிருந்தாலும், பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று தெருவிலேயே நிறுத்தியிருப்பார்கள். அழுதேன், பிறகு பிள்ளை பெற்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்தில் எடுக்கும் முன் ஒரு படம் பிடிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் துணியால் கட்டி, மாலை போட்டு, சுற்றி நாலு பேர் நின்று பிடிக்கிற படம். அம்மாவையும் அப்படிப் பிடித்திருக்கிறார்கள். சுவரில் மாட்ட வேறு படமே இல்லாத வீடுகளில் அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, ஸ்டுடியோவில் மூக்குப் பஞ்சை மறைத்து, கட்டுத்துணியை அழித்து, தூரிகையால் கண் திறந்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு படம் செய்தார்கள் என்று தம்பி சேகர் கடிதம் எழுதினான். என் வீட்டுக்காரரின் பழைய கம்பெனியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒருவர் அதன் பிரதி ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

பிரித்துப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பொம்மைக் கண் வைத்திருப்பார்கள் என்று பயந்திருந்தேன். அம்மாவோ அசலாக உட்கார்ந்து என்னையே பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துவிட்டாளே என்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

சட்டம் போடக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, இது நீங்கள்தானே என்றாள். இவர்களுக்கு நம்மவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவோம் போல என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். நித்யா பேச ஆரம்பித்தபோது அந்தப் படத்தைக் காட்டி "அம்மா" என்றுதான் சொன்னாள். அம்மாவோட அம்மா என்று சொல்லத் தெரியவில்லை, குழந்தைதானே என்றோம். எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

3

எனக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் நித்யாவை அனுப்பிவிட்டுப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கண் எரியும். மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்கும், கொஞ்ச நேரம் நீர் வடியும், நின்றுவிடும். ஆவியால் இருக்கும் என்றார் கண் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார். ஆவி திங்கட்கிழமையும்தானே அடிக்கிறது என்று கேட்க எனக்கு ஜெர்மன் போதவில்லை.

லீவு நாளில் வீட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை எரியும். கோடையில் இவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது எரிச்சல் இரண்டரைக்கு வரும். இலையுதிர்காலத்தில் முள்ளைப் பின்னே இழுத்ததும் மறுபடி ஒன்றரைக்கு வந்துவிடும். என் கண் ஜெர்மன் அரசாங்கத்துக்குக் கட்டுப்படவில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இரண்டு பேரும் சிரிப்போம். அப்போது இந்தியாவில் மணி என்ன என்று நாங்கள் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

நித்யா பூதக்கண்ணாடியோடு நின்ற அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். இங்கே ஒன்றரை என்றால் அங்கே மாலை ஆறு மணி. விளக்கு வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி போடுகிற நேரம்.

சேகருக்கு உடனே போன் போட்டேன். அவன் முதலில் இல்லை, கிடையாது என்றான். அக்கா, போன்ல எதுக்கு இதெல்லாம் என்றான். நான் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

அதே ஆவடி ஸ்டுடியோக்காரர் முதலில் வழக்கம்போலத் தூரிகையால்தான் கண் வரைந்து கொடுத்திருக்கிறார். காலண்டர் அம்மன் கண் மாதிரி பெரிதாக இருந்ததாம். நைனா அதைப் பார்த்துவிட்டு, இது அலமேலு இல்லை, எடுத்துக்கொண்டு போ என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டாவது தடவை வரைந்ததும் அப்படியே திரும்பி வந்தது. நைனா சோறு தின்னவில்லை. சேகர் போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். வரைந்தால் உயிர் வராது, ரத்த சம்பந்தமான பெண்ணோட கண் ஒன்று இருந்தால் சரியாக உட்காரும் என்று சொல்லிவிட்டு, ஸ்டுடியோக்காரரே தன் பெட்டியிலிருந்து என் பாஸ்போர்ட் நெகட்டிவைத் தேடி எடுத்தாராம். அம்மாவின் முகத்துக்குச் சரியான அளவில் பிரிண்ட் போட்டு, கண்ணை மட்டும் வெட்டி ஒட்டி, விளிம்பைத் தீட்டி மறைத்து, அதை மறுபடி படம் பிடித்திருக்கிறார்.

"நைனா ரொம்ப நேரம் நின்னுகினு பாத்தாரு. இப்பத்தான் பாக்கறான்னு சொன்னாரு. அன்னிக்குத்தான் சாப்பிட்டாரு. அக்கா, அவுருக்கு இது தெரியாது. சொல்லிடாத. அவுரு அந்தப் படத்துகிட்டதான் பேசிகினு கீறாரு."

ரிசீவரை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். அம்மாவின் படத்துக்கு எப்போதும் ஒரு பிளாஸ்டிக் மாலை போட்டிருப்பேன், இந்த ஊர்க் குளிரில் பூவுக்கு எங்கே போவது? உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டால் நம் வீடுகளில் சும்மா விடுவார்களா? எனக்கு இத்தனை வருஷமாக இரண்டு வீட்டில் மாலை விழுந்திருக்கிறது, சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், திவசத்தன்று படையல் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டு ஏறி மாலையை எடுத்தார். எடுத்தவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எடுத்தால் அம்மாவுக்கு மாலை இல்லை, போட்டால் எனக்கு மாலை. மறுபடியும் போட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைக் கேலியை விட்டுவிட்டார்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை வாட்டியது வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் பார்வையை நினைத்துப் பார்க்க முயன்றேன். அந்தப் படம்தான் வந்தது. அதற்கு முந்தைய அம்மாவைத் தேடினேன். தலை பின்னும்போது பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேசும்போது முறத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கிழிந்த துணியைப் பார்த்தாள். கை ஞாபகம் வந்தது, குரல் ஞாபகம் வந்தது. கண் இருந்த இடத்தில் என் கண்ணே இருந்தது. ஒரு படம் உள்ளே புகுந்து என் அம்மாவை வெளியே தள்ளிவிட்டது. அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எந்தப் படத்திலும் அது கிடையாது, தெரிந்தவர் நைனா ஒருவர்தான் மிச்சம். அவரிடம் கேட்டால் அவருடைய படம் உடைந்துபோகும்.

அந்த வாரம் நித்யாவின் பூதக்கண்ணாடியை வாங்கி விழியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சட்டென்று ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட் படம் எடுத்த அன்று கரண்ட் இல்லை. ஸ்டுடியோக்காரர் தெருக்கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில்தான் எடுத்தார். அந்தக் கோடு திறந்த கதவு. என்னோடு துணைக்கு வந்த அம்மா உள்ளே வரக் கூச்சப்பட்டுக் கதவருகிலேயே நின்றாள். அந்தக் கறுப்புப் பொட்டு அவள்தான். கண்ணாடியை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் அது பொட்டாகவேதான் இருந்தது. முகம் தெரியவில்லை.

4

பள்ளிக்கூட விடுமுறையும் அம்மாவின் திவசமும் சேர்ந்து வந்தன. ஒரு காதைக் காட்டி அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அம்மா இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டவள், நித்யாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சேகர் ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து வந்திருந்தான். பூந்தமல்லி வழியாக ஆவடி வந்து, குவார்ட்டர்ஸ் மதில் ஓரமாகப் போய் வெள்ளானூர் திரும்பினோம். ரிட்டையர் ஆன பிறகு நைனா தன் பங்கு நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். சுற்றி இருந்த வயலெல்லாம் மஞ்சள் கல் நட்டு மனையாகிவிட்டது. வழி நெடுக நித்யா எதையும் கேட்கவில்லை. கையில் என் வீட்டுக்காரரின் கேமரா இருந்தது, ஒரு தடவைகூட அதைத் தூக்கவில்லை.

வாசலில் சேகரின் மனைவி சாந்தி ஆரத்தித் தட்டோடு வந்தாள். அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. நான் ஊருக்கு அனுப்பிய படங்களிலெல்லாம் நித்யாதான் இருப்பாள், நான் கேமராவுக்குப் பின்னால் இருப்பேன். சாந்தி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். தட்டு ஆடி, ஆரத்தித் தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. காப்பி கொடுக்கும்போதும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்திருக்கும் பக்கம் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நடந்தாள்.

கூடத்தில் படம் இருந்தது. என் வீட்டில் இருப்பதைவிட நாலு மடங்கு பெரிது. அசல் பூமாலை, குங்குமம், கீழே எரிகிற விளக்கு. நைனாவின் கயிற்றுக்கட்டில் அதற்கு நேர் எதிரே கிடந்தது. அவர் சந்தையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது என்னைப் பார்த்தது. கொல்லைப்பக்கம் போகும்போதும் பார்த்தது. கண்ணாடியில் நாம் நம்மைப் பார்ப்பது வேறு, நாம் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் அதுவும் திருப்பிக்கொள்ளும். இது திருப்பவில்லை.

நித்யாவிடம் தாத்தா வீட்டைப் படம் எடுத்துக்கொள் என்றேன், என்னமோ பேச வேண்டுமே என்று. அவள் கேமராவை உறையில் போட்டு மூடினாள். "வேண்டாம் அம்மா. அது பார்க்கும்" என்றாள்.

சமையலறையில் சாந்தியைப் பிடித்து நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க அண்ணி. நான் வந்த நாள்லேர்ந்து அத்த படத்துக்கு வெளக்கு வச்சிகினு கீறேன். அந்தக் கண்ணு முன்னாடி ஒரு பொய் சொன்னதில்ல. இன்னிக்கு நீங்க வந்ததும் அத்ததான் எறங்கி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அவளுக்கும் சேகர் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. நைனா படத்தோடு பேசுவாராமே என்று கேட்டேன். பேசுவார், ஆனால் சும்மா பேசமாட்டார், கேள்விதான் கேட்பார் என்றாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாராம். கொஞ்ச நேரம் கழித்துச் சரி சரி என்று தலையாட்டுவாராம். எந்த மனையை விற்பது, சேகருக்கு எந்த இடத்தில் பெண் பார்ப்பது எல்லாம் அப்படிக் கேட்டு முடிவானதுதானாம். சாந்தியே அப்படி முடிவானவள்தான். ஜாதகத்தையும் படத்தையும் அம்மா முன்னால் வைத்துக் கேட்டுவிட்டு, அத்தைக்குப் பிடித்திருக்கிறது என்று நைனா சொன்னாராம்.

இந்தப் பெண்ணை நான் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறேன். அப்போது நான் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் யாருடைய படுக்கை விரிப்பையோ மடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

5

திவசம் முடிந்த மறுநாள் சாயங்காலம். சேகரும் சாந்தியும் நித்யாவை ஆவடிக்குத் துணி எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் அம்மா.

நைனாவுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் படிக்கிறார், மனைக்கல்லைத் தள்ளி நடுகிறவனோடு சண்டைக்குப் போகிறார், நித்யாவிடம் ஜெர்மனில் மாட்டுக்கு என்ன பேர் என்று கேட்டு மனப்பாடம் செய்கிறார். நான் வந்ததிலிருந்து என்னை ஆசையாகத்தான் நடத்தினார். ஆனால் சேகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்ததால் தனியாகக் கேட்க முடியவில்லை. இனி விட்டால் நாள் இல்லை.

"நைனா, அம்மா கண்ணு எப்பிடி இருக்கும்?" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னாமா கேள்வி? அதான் எதிர்க்க கீதே."

"படத்துல இல்ல நைனா. நெசத்துல. உன்ன எப்பிடிப் பாப்பா?"

சிரிப்பு நின்றது. வெளியே மனைக்கல் ஓரமாக மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன் குரல் கேட்டது. நைனா தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"நெசத்த சொல்லட்டா? எனக்குத் தெரியாது."

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

"உங்கம்மா என்னிக்கு என்ன நேரா பாத்தா? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து தலைய குனிஞ்சிகினுதான் பேசுவா. சோறு போட்டா தட்டப் பாப்பா. கேரியர் குடுத்தா என் கையப் பாப்பா. நான் ஒரு நாளு கூட அடிச்சதில்ல, ஒரு வார்த்த திட்டினதில்ல. அவுங்க ஊட்டுல அப்பிடி வளத்துட்டாங்க. நிமிந்து பாருன்னு எத்தினியோ தபா கேட்டுட்டேன். சிரிப்பா. தரையப் பாத்து சிரிப்பா."

நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"இந்தப் படம் வந்தப்புறம்தான் என்ன பாக்கறா. மொத நாளு எனக்கே பயமாப் போச்சி. இம்மா நாளு இத வச்சிகினு ஏண்டி கீழ பாத்தன்னு கேட்டேன். இப்ப பழகிடுச்சி. செத்தப்புறமாவது புருஷன பாத்தாளே, அது போதும் எனக்கு."

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. விமானத்தில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம். அது அம்மா இல்லை நைனா, அது நான். சொன்னால் என் அம்மாவை யாரும் பார்த்ததே இல்லை என்றாகிவிடும். ஒரு ஆயுள் முழுக்க அவளோடு இருந்தவரும் பார்க்கவில்லை, அவள் வயிற்றில் பிறந்த நானும் பார்க்கவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை என்றும் ஆகிவிடும். நைனா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். அழுதால் என்னவென்று கேட்பார். நிமிர்ந்தால் மேலே இரண்டு கண், கீழே அதே இரண்டு கண், அவருக்குத் தெரிந்துபோகும். சிமெண்ட் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமா, எங்க பாக்கற?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"நிமிந்து பேசு."

நான் நிமிரவில்லை. கீரைக்காம்பு ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினேன். கட்டில் கிரீச்சிட்டது. அவர் முன்னால் குனிந்து என்னையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

"இதான்" என்றார் மெதுவாக. "நீ கேட்டியே, இதான். இப்பிடித்தான் இருப்பா. அச்சு அசல்."

என் உச்சந்தலையில் கை வைத்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்த இடம் இதுதான் என்று தெரிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

நைனா கையை எடுக்காமலே படத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா அலமேலு, உம் பொண்ண பாத்தியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. விளக்குத் திரி ஒருமுறை பொரிந்து அடங்கியது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

தலையை நிமிர்த்தாமலே, "பாத்தேன்" என்றேன்.

நைனா என் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டினார்.